வயல் பக்கத்துக் கை

போன மாதம் அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் தெரு முனை வந்தது. இடது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டேன். அது டிக் டிக்கென்று அடிக்க ஆரம்பித்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் இடது கை தானாக எழுந்து வெளியே போகப் பார்த்தது. கண்ணாடி ஏற்றியிருந்தது. வளையல்கள் அதில் போய் மோதின. அம்மா கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல, "கண்ணாடி மூடி இருக்குதா? எனக்கு இன்னா தெரியும், கண்ணுல மருந்து ஊத்தி வெச்சிருக்காங்களே" என்றாள்.

மருந்தின் மேல் பழி போட்டாலும் எனக்குத் தெரியும். மருந்து ஊற்றாத நாளிலும் அந்தக் கை எழும். வேறு யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள், உங்களிடம் சொல்லலாம். ஆனால் இது இடது, வலது சம்பந்தப்பட்ட விஷயம். அந்த இரண்டும் எனக்கு இன்றைக்கும் சரியாக வராது. எங்காவது மாற்றிச் சொல்லிவிட்டால் நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

குற்றம் என் கையுடையது. நான் பிறவியிலேயே இடது கைக்காரன். எங்கள் ஊர் திருவண்ணாமலையில் வழி கேட்டால் வலது, இடது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "நேரா போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்பு, அப்புறம் பீச்சாங்கைப் பக்கம்" என்பார்கள். நானோ சோற்றை எடுப்பதே இடது கையால். அம்மா அந்தக் கையைத் தட்டித் தட்டி ஒரு வழியாக வலது கைக்கு மாற்றினாள். ஆனாலும் நல்ல பசியில் பழைய கை முந்திக்கொள்ளும். சோத்தாங்கை எது என்று கேட்டால், மனசுக்குள் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். எனக்குப் பசி இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து வழி கேட்டவர் ஊர் போய்ச் சேருவார்.

எங்கள் வீட்டுக்குக் கார் வந்தது எண்பத்தொன்பதில். அப்பாவுக்குப் பக்கத்து ஊரான கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற மிஷின் ஒன்று இருந்தது. அந்த ஊரில் பல காலம் வைத்தியம் பார்த்த டாக்டர் ஒருவர் மகனோடு போய்த் தங்குவதற்காக வீட்டைக் காலி செய்தபோது, மைனர் என்று பெயர் போட்ட அவருடைய பழைய கறுப்புக் கார் அப்பாவிடம் வந்து சேர்ந்தது. எப்படி வந்து சேர்ந்தது என்பதில் ஒரு எருமையும் வருகிறது, அது இப்போது வேண்டாம். அன்று முதல் மிஷினில் அப்பாவை எல்லோரும் மைனர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கழுத்துப் பட்டனைக்கூடக் கழற்றாத மனிதர். யாராவது "இன்னா மைனரே" என்றால் காது மடல் சிவந்து போகும்.

கதவைத் திறந்தால் பழைய தோல் சீட்டு, பெட்ரோல், டாக்டர் வீட்டு மருந்து மூன்றும் கலந்து ஒரு வாசனை வரும். கொஞ்ச நாளில் நாலாவதாக மல்லாட்டைத் தோலும் சேர்ந்துகொண்டது. இன்றைக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாராவது மல்லாட்டை தின்றால் எனக்கு எங்கேயோ ஊருக்குக் கிளம்புகிற மாதிரி இருக்கும்.

அந்தக் காருக்கு மினுக்கி மினுக்கி எரிகிற விளக்கு கிடையாது. முன்கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணில் பக்கத்துக்கு ஒரு பிளவு. ஸ்விட்சைத் திருப்பினால் அந்தப் பிளவிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு ஒரு தகடு டக்கென்று வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்குள் ஆரஞ்சு வெளிச்சம் எரியும். திரும்பி முடித்ததும் மடங்கி உள்ளே போய்விடும். அதற்கு ஏதோ பெரிய ஆங்கிலப் பெயர் இருக்கிறது. நாங்கள் கை என்போம். வலது பக்கம் திரும்ப ஒரு கை, இடது பக்கம் திரும்ப ஒரு கை.

அம்மாவுக்கு இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப்போயிருந்தது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு எல்லா வேலையும் பார்த்துவிடுவாள். மலை சுற்ற நடக்கத்தான் முடியாது. திருவண்ணாமலையிலேயே பிறந்து திருவண்ணாமலையிலேயே வாழ்க்கைப்பட்டு ஒரு தடவைகூட மலை சுற்றாதவள் என்று சொந்தக்காரர்கள் பரிதாபப்படுவதுபோலக் குத்திக் காட்டுவார்கள். கார் வந்த முதல் பௌர்ணமிக்கு அப்பா அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கு இந்தக் கூட்டமெல்லாம் இல்லை. சாயங்கால வெயிலில், நடந்து போகிறவர்களுக்கு வழி விட்டு விட்டு, மாட்டு வண்டியைவிட மெதுவாக எங்கள் கார் போகும்.

மலையை வலம் வருகிறோம் என்றால் மலை எப்போதும் நமக்கு வலது பக்கம் இருக்கும். காரில் அது டிரைவர் உட்காரும் பக்கம். முதல் தடவை முன்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்த அம்மா பாதி வழியிலேயே சண்டைக்கு வந்துவிட்டாள். "மல எங்கங்க தெரியுது? உங்க தலதான் தெரியுது!" காரை நிறுத்தச் சொல்லிப் பின்சீட்டில் வலது ஜன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். முன்சீட்டு எனக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து எங்கள் காருக்கு வலது, இடது இல்லாமல் போயிற்று. வலது பக்கம் மலைப் பக்கம். இடது பக்கம், அந்த வழி பூராவும் நெல்லும் மல்லாட்டையுமாக இருந்ததால், வயல் பக்கம். "மலைப் பக்கத்துச் சக்கரத்துல காத்து கம்மியா இருக்குது", "வயல் பக்கத்துக் கதவ நல்லா சாத்துடா." சோற்றுக்குச் சம்பந்தமில்லாத இந்த ஏற்பாடு எனக்குப் பெரிய ஆறுதல். ஒரே ஒரு சங்கடம், காரை வீட்டு வாசலில் நிறுத்தினால் மலை வயல் பக்கத்தில் இருக்கும்.

மலை சுற்றுகிறவன் வலது பக்கமே திரும்பிக்கொண்டிருப்பான். அதனால் மலைப் பக்கத்துக் கைக்குத்தான் எப்போதும் வேலை. வயல் பக்கத்துக் கை, சுற்று முடிந்து வீட்டுக்கு வரும்போது எங்கள் தெரு முனையில் ஒரு தடவை நீளும், அவ்வளவுதான். ஒரு நாள் மலைப் பக்கத்துக் கை நீட்டியபடியே மடங்காமல் நின்றுபோயிற்று. அப்படியே ஒரு மாட்டின் கொம்பில் பட்டு முறிந்தும் விட்டது. அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் வழியாகத் தன்னுடைய வலது கையை நீட்டிக் காட்டிக்கொண்டு சில வருஷம் ஓட்டினார்.

பிறகு மிஷினில் அடுக்கியிருந்த மூட்டை சரிந்து அப்பாவின் வலது தோளில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை தோள் உயரத்துக்கு ஏற மறுத்துவிட்டது. ஸ்டீயரிங் பிடிக்க முடியும், வெளியே நீட்ட முடியாது. நீட்டாமலே ஓட்டினார். ஒரு பௌர்ணமியன்று ஆசிரமத்தைத் தாண்டி, செங்கம் ரோட்டை விட்டு மலை சுற்றும் பாதைக்கு வலது பக்கமாகத் திரும்பினார். பின்னாலிருந்து முந்திக்கொண்டு வந்த பஸ் ஒன்று அலறிக்கொண்டு பிரேக் போட்டு, அம்மா உட்கார்ந்திருந்த ஜன்னலை ஒட்டி வந்து நின்றது. அம்மா கை நீட்டியிருந்தால் பஸ்ஸின் முகத்தைத் தொட்டிருக்கலாம். டிரைவர் இறங்கி வந்து, "கை காட்ட மாட்டியாய்யா? கைய இன்னா வாடகைக்கு உட்டுட்டியா?" என்று கத்தினார். அப்பா வண்டியை மெதுவாக ஓரம் கட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள்: "கை இல்லாத வண்டில இனிமே நான் ஏற மாட்டேங்க. சாமி கோச்சுக்காது."

சொன்னபடியே ஏறவில்லை. பௌர்ணமி வந்தால் பின்வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தெரிகிற மலை உச்சியை மட்டும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவாள். அப்பாவால் அதைப் பார்க்க முடியாது, தெருவில் போய் நின்றுகொள்வார். வேலூர், சென்னை என்று பழைய சாமான் கடையெல்லாம் அலைந்தார். அந்தக் கையை யாரும் பார்த்ததுகூட இல்லை. கடைசியில், "அவ ஏறாத வண்டி எனக்கு எதுக்குடா? வர்ற பௌர்ணமி வரைக்கும் பாக்கறேன். அப்புறம் எடைக்குப் போட்டுடறேன்" என்றார்.

அப்போது நான் ஆசிரமம் பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்கு இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் எத்தனை தேசத்து வேர்வை, எத்தனை தேசத்து அழுகை! கதவைத் திறந்தால் ஊதுவத்தி வாசனையோடு எல்லாம் சேர்ந்து வெளியே வரும். ஹான்ஸ் என்று ஒரு ஜெர்மன்காரர், காவி வேட்டி கட்டிக்கொண்டு, வாரா வாரம் வந்து அவருடைய அம்மாவிடம் கத்திக் கத்திப் பேசுவார். காது கேட்காத அம்மா. எங்கள் காரின் கதையைக் கேட்டு மனசு உருகியவர் அவர் ஒருவர்தான். அவர்தான் ஒரு நாள் ஓடிவந்து சொன்னார். சென்னையிலிருந்து பழைய கார் கிளப் ஒன்று வண்டிகளை ஓட்டிக்கொண்டு நம் ஊருக்கு வருகிறது, செங்கம் ரோட்டு ஓரம் மைதானத்தில் ஒரு நாள் சந்தை போடுகிறார்கள், காசுப் பேச்சே கிடையாது, சாமானுக்குச் சாமான். அந்தச் சந்தைக்கு மறுநாள் பௌர்ணமி.

அப்பா கொடுப்பதற்கென்று எடுத்துக்கொண்டது டாக்டர் காரோடு வந்த பித்தளை ஹார்ன். ரப்பர் உருண்டையை அழுத்தினால் வாத்து மாதிரிக் கத்தும். மாதிரி காட்டுவதற்கு வயல் பக்கத்துக் கையைக் கழற்றி, அம்மாவின் பழைய ரவிக்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். இரண்டும் ஒரே பையில். அப்பா, நான், ஹான்ஸ் மூவரும் போனோம்.

மைதானத்தில் தார்ப்பாயை விரித்துக் காரின் உள்ளுறுப்பையெல்லாம் பரப்பி வைத்திருந்தார்கள். எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தலை சுற்றியது. ஒருவர் கடிகார முள் கேட்டுக்கொண்டிருந்தார், இன்னொருவர் கதவுக் குமிழைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாகப் பொருத்திப் பார்த்துக்கொண்டு போனார். எல்லா இடத்திலும் துருவும் மண்ணெண்ணெயும் மணந்தன. ஒரு மூலையில் தொப்பி வைத்த பெரியவர் ஒருவர். அவருடைய தகர டப்பாவுக்குள் ஒரு கை தெரிந்தது. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஃப் சைடு வேணுமா, நியர் சைடு வேணுமா?" என்றார் தொப்பிக்காரர்.

காரில் ஆஃப் சைடு என்றால் வலது, நியர் சைடு என்றால் இடது என்பது அப்போது எனக்குத் தெரியாது, தெரிந்த ஆஃப் சைடு கிரிக்கெட்டில் வருவது. அது மட்டை பிடிக்கிறவனின் கையைப் பொறுத்து மாறும். நான் இடது கை மட்டைக்காரன். எனக்கு ஒன்றா, அப்பாவுக்கு ஒன்றா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஹான்ஸ் உதவிக்கு வந்தார். "டிரைவர் சைடு, டிரைவர் சைடு!" என்று, தன் தேசத்து டிரைவரை நினைத்துக்கொண்டு, இடது பக்கத்தைக் காட்டினார். அப்பா இருவரையும் தள்ளிவிட்டு, "மலைப் பக்கம் சார்" என்றார்.

தொப்பிக்காரர் திரும்பி மலையைப் பார்த்தார். கார்கள் ஒன்று கிழக்கே பார்த்தும் ஒன்று மேற்கே பார்த்தும் நின்றன.

"எந்த வண்டிக்கு சார் மலைப் பக்கம்?"

"எல்லா வண்டிக்குந்தான் சார்."

நியாயமான பதில்தான். எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வோம். அவர் எங்களைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பயம் தெரிந்தது. அப்பா வேறு வழியில்லாமல் பைக்குள் கைவிட்டு, ரவிக்கைத் துணியைப் பிரித்து, எங்கள் வயல் பக்கத்துக் கையை அவரிடம் நீட்டினார்.

"இதுக்கு மாத்து குடுங்க சார்."

எங்கள் வீட்டில் மாத்து என்றால் ஜோடியில் மற்றொன்று. ஒரு செருப்பைக் காணோம் என்றால், கையில் இருக்கிறதைக் காட்டி, "இதுக்கு மாத்து எங்க?" என்று தேடுவோம். சாமானுக்குச் சாமான் என்று கடை விரித்திருப்பவரின் காதில் அந்தச் சொல் எப்படி விழும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

தொப்பிக்காரரின் முகம் மலர்ந்தது. "இதச் சொல்றதுக்கா இவ்ளோ நேரம்!" என்று எங்கள் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டப்பாவிலிருந்த கையை எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு, எங்களுடையதை எடுத்துக்கொண்டு தன் வண்டிப் பக்கம் போனார். என் கண்ணெல்லாம் புதுக் கை மேல்தான். அப்பா புதுக் கையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோய் மோந்துகூடப் பார்த்தார். சரியான மலைப் பக்கத்துக் கை. தொப்பிக்காரர் திரும்பி வந்ததும் ஹார்னை எடுத்து நீட்டினார்.

"இது எதுக்கு சார்? அதான் நமக்குள்ள சரியாப் போச்சே" என்று அவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வலியெடுக்கிற வலது கை. அப்பா அதையும் பொறுத்துக்கொண்டு சிரித்தார். சும்மாவே கொடுத்துவிட்டாரே, எவ்வளவு நல்ல மனுஷன் என்று ஹான்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

கிளப் வண்டிகள் வரிசையாகப் புழுதி கிளப்பிக்கொண்டு கிளம்பின. தொப்பிக்காரருடைய வண்டியும் எங்களுடையது போன்றதுதான், வெள்ளை நிறம். மைதானத்து வாசலில் இடது பக்கம் திரும்பும்போது அதிலிருந்து டக்கென்று ஒரு கை நீண்டது.

"அப்பா, பாரேன்! நம்ம கை மாதிரியே இருக்குது" என்றேன்.

"ஆமாண்டா" என்றார் அப்பா. அது மடங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் புதுக் கையை மாட்டினார். இரண்டு திருகு, ஒரு ஒயர். ஸ்விட்சைத் திருப்பினார், டக். ஆரஞ்சு வெளிச்சம் நன்றாக எரிந்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்த அம்மா, "நல்லாத்தான் இருக்குது. வயல் பக்கத்துக் கை எங்க?" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவரிடம் இருக்கிறது என்று நானும் என்னிடம் இருக்கிறது என்று அவரும் இருந்திருக்கிறோம். பையைக் கவிழ்த்தேன். ஹார்னும் ரவிக்கைத் துணியும் விழுந்தன.

"அவர்கிட்ட இன்னான்னு கேட்டீங்க?"

"இதுக்கு மாத்து குடுங்கன்னு கேட்டேன்."

அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "மாத்துன்னு கேட்டீங்க, மாத்திக்கினு பூட்டாரு!" சிரித்து முடித்துவிட்டு, அவள்தான் அடுத்ததையும் கேட்டாள். "செரி, மலையச் சுத்திட்டு ஊட்டுக்குத் திரும்பறப்ப எந்தக் கையக் காட்டுவீங்க?"

அப்பா ஸ்விட்சைத் திருப்பிப் புதுக் கையை மடக்கினார். ஒரு கைக்காக இத்தனை அலைந்து, இருந்த இன்னொரு கையையும் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறோம். கிளப் எப்போதோ ஊரைத் தாண்டியிருக்கும். மறுநாள் பௌர்ணமி. அம்மா ஏற மாட்டாள், கார் எடைக்குப் போகும் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அப்பா காரைத் துடைக்கக்கூட இல்லை. அம்மாதான் தலையில் பூ வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கி வந்தாள். வழக்கமாக உட்காரும் பின்சீட்டுக்குப் போகவில்லை. வயல் பக்கத்து முன்கதவைத் திறந்தாள். "நீ பின்னாடி போடா" என்று என்னைக் கிளப்பிவிட்டு, கண்ணாடியை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கையாம் கை. எனக்கு ரெண்டு இருக்குது. கெளம்புங்க."

லாரிக்காரர்கள் வண்டியின் வலது பக்கத்தை டிரைவர் சைடு என்றும் இடது பக்கத்தைக் கிளீனர் சைடு என்றும் சொல்வார்கள். இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் கிளீனர்தான் கை நீட்டிக் காட்டுவான். அப்பா காரைச் சுற்றிக்கொண்டு வந்து தன் சீட்டில் உட்கார்ந்தார். பிறகு, "சரி கிளீனரே, போலாமா?" என்றார். ஒரு பெரிய சந்தோஷத்தை அவர் அந்தக் கிண்டலுக்குள் ஒளித்துக்கொண்டது எனக்கே தெரிந்தது.

செங்கம் ரோட்டுத் திருப்பத்தில் புதுக் கை டக்கென்று நீண்டது. பின்னால் வந்த பஸ் மரியாதையாக நின்று வழி விட்டது. ஆனால் அம்மா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மலை தெரியாது, அப்பாவின் தலைதான் தெரியும். இந்தத் தடவை அவள் சண்டைக்கு வரவில்லை. அப்பாதான் வழி பூராவும் தலையைப் பின்னால் சாய்த்து, சீட்டோடு ஒட்டிக்கொண்டு ஓட்டினார். எங்கள் தெரு முனைக்கு முன்பே அம்மா கையை வெளியே நீட்டிவிட்டாள். பின்னால் வந்த ஆட்டோ ஒதுங்கியது. திரும்பி முடித்த பிறகும் கையை அவள் உள்ளே எடுக்கவில்லை. காற்று நன்றாக இருந்ததோ என்னவோ. "மடக்கு கிளீனரே, வீடு வந்துடுச்சு" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு எத்தனையோ பௌர்ணமி. ஒவ்வொரு தடவையும் அந்த முனையில் அம்மா கை நீட்டுவாள், திரும்பிய பிறகும் வேண்டுமென்றே வைத்திருப்பாள், அப்பா அதையே சொல்வார்.

எனக்குக் குழப்பமெல்லாம் அந்த மைதானத்து வாசலைப் பற்றித்தான். வெள்ளை வண்டியில் நீண்டது எங்கள் கைதான் என்று அப்பாவுக்கு அப்போதே தெரியுமா? தெரிந்துதான் பார்த்துக்கொண்டு நின்றாரா? மலை சுற்ற ஒரு கை போதும் என்று நினைத்தாரா, அம்மா முன்சீட்டுக்கு வருவாள் என்று நினைத்தாரா, இல்லை என்னைப் போலவே ஒன்றும் புரியாமல் நின்றாரா? ஒரு தடவை கேட்டேவிட்டேன். "மாத்துன்னா மாத்துதானேடா" என்று சொல்லிவிட்டு ஹார்னைத் துடைக்கப் போய்விட்டார். அம்மாவைக் கேட்டால், "அவருக்கா? இன்னா தெரியும் அவருக்கு?" என்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தால் எனக்குக் குழப்பம் ஜாஸ்தியாகிறது.

அப்பா போய்ச் சில வருஷம் ஆகிறது. கார் கைமாறிக் கைமாறி இப்போது யாரிடம் இருக்கிறதோ தெரியாது. எஸ்.டி.டி. பூத் இருந்த இடத்தில் காப்பிக் கடை. ஹான்ஸ் அவருடைய அம்மாவுக்கு முடியவில்லை என்று போனவர் திரும்பவில்லை. பௌர்ணமிக்கு மலைப் பாதையில் காரே விடுவதில்லை, ஜனம் அவ்வளவு. கண் டாக்டரிடம் போய் வந்த பிறகு, சும்மா ஒரு நாள் அம்மாவை உட்காரவைத்துச் சுற்றி வந்தேன். மலைப் பக்கம் அப்படியே இருக்கிறது. இடது பக்கம் லாட்ஜ், மனைப்பிரிவு, கடை, மறுபடி லாட்ஜ். அதை என்ன பக்கம் என்று சொல்வது என்று தெரியவில்லை.

எங்கள் தெரு முனை வருவதற்கு முன்பே நான் அவள் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டேன். இண்டிகேட்டர் டிக் டிக்கென்றது. அம்மாவின் கை வெளியே போயிற்று. திரும்பி முடித்தேன். வீட்டு வாசலும் வந்துவிட்டது. கை வெளியிலேயே இருந்தது. மடக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அம்மா காத்திருந்ததும் என் குரலுக்காக இல்லை.